முப்பத்தெட்டுப் புள்ளி வீடு

எலினெட் வீட்டுக்குள்ளும் கோட்டைக் கழற்ற மாட்டாள். உருளைக்கிழங்கு உரிக்கும்போதும், தொலைக்காட்சி பார்க்கும்போதும், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய் உட்காரும்போதும் அதே பழுப்புக் கோட்டுதான்.

"எங்கயாவது கெளம்பறியா?" என்று என் மனைவி மென்னா கேட்பாள்.

"ஆமா, சமையல்கட்டுலேர்ந்து முன்னறைக்கு. ரொம்ப தூரம்."

வடக்கு வேல்ஸில், ஸ்லேட் கல் வெட்டிய மலைகளுக்கு நடுவே எங்கள் ஊர் இருக்கிறது. எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். எலினெட்டுடையது கடைசி வீடு. அதற்கு முந்தையது எங்களுடையது. கடைசி வீட்டின் வெளிச்சுவர் மலையைப் பார்த்து நிற்பதால் அந்தப் பக்கத்து மழை முழுவதையும் அதுதான் வாங்கும். கல் சுவர் ஒருமுறை நனைந்தால் காய ஒரு கோடை வேண்டும். எங்களுக்கு அப்படியொரு கோடை எப்போதாவதுதான் கிடைக்கும்.

நாங்கள் எல்லோரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். எலினெட்டின் கணவன் இத்வல் ஸ்லேட் அறுக்கும் கொட்டகையில் வேலை பார்த்தான். அந்தத் தூள் அவன் நெஞ்சில் தங்கிவிட்டது. மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார்ந்து எழுந்துதான் மீதிப் படிகள். அவள் அதே பள்ளியின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் இன்று ஊரில் பேருந்து ஓட்டுகிறவர்கள், ரொட்டி விற்கிறவர்கள், குழாய் மாட்டுகிறவர்கள் என்று பார்த்தால் பெரும்பாலோர் அவள் கையால் சாப்பிட்டவர்கள். வளர்ந்த பிறகும் அவளை ஆன்ட்டி என்றே கூப்பிடுகிறவர்கள்.

அவளை நல்லவள் என்று சொல்லி முடித்துவிடலாம். அது முழு உண்மையாக இருக்காது. அவள் பிடிவாதக்காரி. அடுத்தவர் பேச்சைப் பாதியில் வெட்டுவாள். இத்வலுக்கு எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்பதை அவளே முடிவு செய்வாள். கவலைப்பட்டால் அவனுக்கு மூச்சு வாங்கும் என்பது அவள் சொல்லும் காரணம். காரணம் உண்மைதான். உண்மையான காரணம் இருக்கும்போது ஒரு பழக்கத்தை விடுவது இன்னும் கடினம்.

சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில் வீட்டுச் சொந்தக்காரன் ஹெவின் வந்தான். அவனும் அவள் கையால் சாப்பிட்டவன்தான். அப்பா விட்டுப்போன மூன்று வீடுகளை வாடகைக்கு விட்டுவிட்டுப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். கெட்டவன் இல்லை, கஷ்டமான எதையும் தள்ளிப்போடுகிறவன். இத்வல் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தான். சமையலறையில் மென்னாவும் நானும் இருந்தோம்.

"ஆன்ட்டி, வீடுகள இனிமே ஏஜென்ட் கையில விடப்போறேன். என்னால வாடகை, ரிப்பேருன்னு அலைய முடியல. அந்த ஆளு ஒவ்வொரு வீட்டுக்கும் எரிசக்திச் சான்றிதழ் கேக்கறான். இந்த வீட்டோடது காலாவதியாயிடுச்சு."

"எடுத்துக் குடு. யாரு வேணாம்னா?"

"புதுசா ஒருத்தங்க வந்து, வீடு சூட்ட எவ்ளோ தங்க வைக்குதுன்னு பாத்து மார்க் போடுவாங்க. ஏ-லேர்ந்து ஜி வரைக்கும். ஈ வந்தா பரவால்ல. எஃப் வந்துச்சுன்னா…"

"வந்துச்சுன்னா?"

"சட்டப்படி வாடகைக்கு விடக் கூடாது. சுவரெல்லாம் உள்பக்கம் உரிச்சு, பஞ்சு வச்சு அடைக்கணும், ஜன்னல மாத்தணும்… என்னால ஆகாது ஆன்ட்டி. வித்துடணும்."

"யாருக்கு விப்ப?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான். எதிர்ச்சாரியில் வெளியூர்க்காரர்கள் வாங்கிவிட்ட மூன்று வீடுகளின் கதவுகளுக்குப் பக்கத்தில் எண் அழுத்தித் திறக்கும் சாவிப் பெட்டிகள் தொங்குகின்றன. கோடையில் சைக்கிளோடு வருகிறவர்கள் அங்கே தங்குவார்கள். குளிர் காலத்தில் அந்த வீடுகளில் விளக்கு எரியாது.

"அப்போ நாங்க?"

"நீங்க… கவுன்சில்ல எழுதி வச்சா வீடு தருவாங்க."

"எந்த ஊர்ல? இங்க காலி வீடு இருக்கா? வீடு இல்லன்னு கடலோரத்துல ஏதாவது ஓட்டல் ரூம்ல போடுவாங்க. மலைய விட்டு எறங்கினா இத்வல் உசிரோட இருப்பானா ஹெவின்? இங்க தெனம் ரெண்டு பேராவது வந்து அவன்கிட்ட பேசிட்டுப் போறாங்க. அந்தப் பேச்சுதான் அவனுக்கு மூச்சு."

"இன்னும் மார்க்கே போடல ஆன்ட்டி. ஈ வரும். போன தடவ ஈ-தான்."

"எத்தன மார்க்குல?"

"முப்பத்தொன்பது."

"பாஸ் மார்க்கு?"

"முப்பத்தொன்பது."

மென்னா சிரித்துவிட்டாள். எலினெட்டும் சிரித்தாள். "கணக்குல நானும் அப்படித்தான் பாஸானேன்" என்றாள். ஹெவின் போன பிறகு வெகு நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

அந்தச் சட்டம் கெட்ட சட்டம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. குளிர்ந்த வீட்டை வாடகைக்கு விட்டு லாபம் பார்க்கக் கூடாது என்பது நியாயம்தானே. இத்வலைப் போன்ற நெஞ்சுக்காரர்களை நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள். இந்த வீட்டுக்கு இத்வலைத் தாங்கும் தகுதி இல்லை என்று சட்டம் சொன்னால், அது உண்மை. அந்த உண்மை கடைசியில் இத்வலைத்தான் வெளியே தள்ளும் என்பதுதான் எனக்குப் பிடிபடாத இடம்.

அதன் பிறகு எலினெட் வேலையில் இறங்கினாள். எதற்கெல்லாம் மார்க் உண்டு என்று மென்னா கம்ப்யூட்டரில் படித்துச் சொன்னாள். பல்புகளைக் கூட எண்ணுவார்களாம். எலினெட் வீட்டில் பாதி பழைய குண்டு பல்புகள். "அதெல்லாம் நல்லாத்தான எரியுது" என்று முனகிக்கொண்டே தெருவெல்லாம் போய் எல்.இ.டி பல்பு கடன் கேட்டாள். எங்கள் குளியலறை ஒரு வாரம் இருட்டில் கிடந்தது. சூடு கூரை வழியே போகாமல் இருக்கப் பரணில் பரப்பும் கண்ணாடிப் பஞ்சின் உயரத்தை அளப்பார்கள் என்று தெரிந்ததும், எங்கள் பரணில் உபரியாகக் கிடந்த சுருள்களைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனோம். வெந்நீர்த் தொட்டிக்கும் சூடு போகாமல் இருக்கப் புதுச் சட்டை வாங்கி மாட்டினாள்.

"எனக்குக் கூட புதுச் சட்டை வாங்கித் தரல இவ" என்றான் இத்வல்.

"நீ சூடா இருந்தா ஒனக்கும் வாங்குவேன்."

"எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?"

"ஒரு பொண்ணு வீட்டப் பாக்க வருது. வீடு எப்படி இருக்குன்னு எழுதிட்டுப் போகும்."

"யாரு வீட்டுப் பொண்ணு?"

"கடலோரத்துலேர்ந்து. மாரெட்டுன்னு பேரு."

"நம்ம வெல்ஷ் பேசுமா?"

"பேசுமாம்."

அதைக் கேட்டு அவன் திருப்தியடைந்தான். மற்றதை அவள் சொல்லவில்லை. எஃப் என்றால் என்ன, ஈ என்றால் என்ன, ஏஜென்ட் யார், எதையும் சொல்லவில்லை. "அவன்கிட்ட சொன்னா ராத்திரி முழுக்க இருமுவான். பாஸானப்புறம் சொல்றேன்" என்றாள் எங்களிடம்.

அந்த வீட்டு முன்னறையில் நிலக்கரிக் கணப்பு ஒன்று உண்டு. புகை அவன் நெஞ்சுக்கு ஆகாது என்று மருத்துவர் சொன்ன வருடத்திலேயே அதன் வாயில் மரப்பலகை வைத்துத் திருகாணி போட்டு மூடிவிட்டார்கள். அப்புறம் அவர்களுக்கு இருந்தது இரவு மின்சாரத்தில் சூடேறிப் பகலில் சூட்டை விடும் ஹீட்டர்கள் மட்டும்தான். மதியச் சாப்பாட்டுக்குள் அவை ஆறிவிடும். மூடிய கணப்பு மார்க்குக்கு நல்லது என்று மென்னா படித்திருந்தாள். திறந்த புகைபோக்கி வழியாக வீட்டுச் சூடெல்லாம் ஓடிவிடும் என்று கணக்குப் போடுவார்களாம். நல்ல வேளையாக அந்த ஒன்று ஏற்கெனவே சரியாக இருக்கிறது என்று அதைப் பற்றி யாரும் மேலே பேசவில்லை.

மாரெட் வருவதாகச் சொன்ன அன்று காலையிலிருந்து மலை தெரியவில்லை. மேகம் கூரை வரை இறங்கி, மழை பக்கவாட்டில் அடித்தது. வருகிறவளுக்குக் கொடுக்க, உலர்திராட்சை போட்ட பாரா பிரித் ரொட்டி வாங்க எலினெட் ஊருக்குள் போனாள். தானே சுடுவதாகத்தான் இருந்தாள். ஆனால் ஓவனைப் போட்டால் ஜன்னலெல்லாம் வியர்த்து ஈரம் காட்டிக்கொடுக்கும் என்று பயந்தாள்.

அவள் திரும்பி வரும்போது நான் வாசலில் இருந்தேன். தெரு முனையிலேயே அவள் நின்றுவிட்டாள். அவள் பார்த்த திசையில் நானும் பார்த்தேன். கடைசி வீட்டின் புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

அவள் ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை. நானும் பின்னால் போனேன்.

முன்னறையில் நெருப்பு நன்றாகப் பிடித்திருந்தது. பலகை சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இத்வல் சட்டைக்கு மேல் டை கட்டி நாற்காலியில் இருந்தான். கையில் கரி, நெற்றியில் வியர்வை. திருகாணிகளைக் கழற்ற அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். எதிரில் கணப்பின் முன்னால், ஈரமான கோட்டை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, ஒரு இளம்பெண் இரண்டு கைகளையும் நீட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தாள். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள்.

"இந்தா வந்துட்டா! எங்கடி போன? விருந்தாளி வந்து உக்காந்திருக்காங்க" என்றான் இத்வல்.

"இன்னிக்குப் பாத்த வீடுகள்லயே இதுதான் சூடா இருக்கு மிஸஸ் பாரி. மலைப் பாதையில வரும்போது விரலே வெறச்சுப் போச்சு."

எலினெட் ரொட்டிப் பையைக் கீழே வைக்கவில்லை. "இத… எதுக்கு இத்வல் தெறந்த?"

"எதுக்கா? இந்த மழையில மலையத் தாண்டி ஒரு பொண்ணு நம்ம வீட்டுக்கு வருது. சில்லுனு கெடக்கற அறையில உக்கார வைக்கச் சொல்றியா? எங்கம்மா இருந்தா என்னைத் தொரத்தியிருப்பா."

அவன் சொன்னதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் தெருவில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். வெளியாள் வரும் நாளில் முன்னறையில் நெருப்பில்லாமல் இருந்தால் அந்த வீட்டுக்கு அதைவிட அவமானம் இல்லை.

மாரெட் பையிலிருந்து டேப்லெட்டை எடுத்தாள். சுவரில் சிவப்புப் புள்ளி விழும் கருவியால் அறைகளை அளந்தாள். பரணில் ஏறிப் பஞ்சில் அளவுகோலை விட்டாள். பல்புகளை எண்ணினாள். எலினெட் அவள் பின்னாலேயே போனாள். கடைசியில் முன்னறைக்குத் திரும்பி வந்து கணப்பைப் படமெடுத்தாள்.

"இது எப்பவும் பயன்படுத்தறதுதானா?"

"இல்ல, இது மூடினது. வருஷக்கணக்கா மூடியிருக்கு. அந்தா பாரும்மா பலக, திருகாணி ஓட்ட கூட இருக்கு…" என்று எலினெட் சொல்லும்போதே இத்வல் குறுக்கிட்டான்.

"என்ன பேசற நீ? அவ சொல்றத நம்பாத கண்ணு. இந்த வீட்டுல நெருப்பு அணைஞ்சதே இல்ல. எப்ப வேணா வா, எரியும்."

அப்படிச் சொல்லிவிட்டு அவன் இருமத் தொடங்கினான். வெகு நேரம் இருமினான். எலினெட் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். அவன் முன்னால் இதற்கு மேல் வாதாட முடியாது என்று அவளுக்குத் தெரியும். வாதாடினால் ஏன் என்று கேட்பான்.

பெண் கிளம்பியபோது எலினெட் மழையில் கார் வரை கூடவே போனாள், நானும் போனேன். மாரெட் கண்ணாடியை இறக்கினாள்.

"எவ்ளோ வரும் சொல்லும்மா."

"ஆபீஸ்ல போய்த்தான் சரியா…"

"ஒனக்குத் தெரியும். சொல்லு."

அந்தப் பெண் டேப்லெட்டைப் பார்த்தாள். "முப்பத்தெட்டு காட்டுது."

"அந்தக் கணப்பு இல்லன்னா?"

"நாப்பது, நாப்பத்தொண்ணு வந்திருக்கும். தெறந்த புகைபோக்கி நெறைய குறைக்கும்."

"இப்பவே போய் பலகைய அடிச்சுடறேன். பத்து நிமிஷம். நீ திரும்ப வந்து பாரு."

"மிஸஸ் பாரி, எரியற நெருப்ப நான் பாத்திருக்கேன், குளிர் காஞ்சிருக்கேன். பாத்தத எழுதாம இருக்க முடியாது. என் வேலைகள எடுத்து சரிபாப்பாங்க." அவள் குரல் தாழ்ந்தது. "நெருப்ப அணைச்சு, நல்லா மூடிட்டு, வீட்டுக்காரர விட்டு மறுபடி கூப்பிடச் சொல்லுங்க. இன்னொரு நாள் வந்து புதுசா போடறேன். நிச்சயமா வரேன்."

நல்ல பெண்தான். அன்று முழுவதும் தவறு செய்த ஒருவரையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் எலினெட் என்னைக் கூட்டிக்கொண்டு பேருந்துக் கொட்டகைக்குப் போனாள். ஹெவின் காலி இருக்கைகளுக்கு நடுவே பெருக்கிக்கொண்டிருந்தான்.

"ஒரு மார்க்குடா ஹெவின். ஒரே மார்க்கு. பலகைய அடிச்சாச்சு. நீ ஒரு போன் போட்டா போதும், அந்தப் பொண்ணு வரேன்னு சொல்லியிருக்கா."

அவன் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தான். "ஏஜென்ட்கிட்ட சொல்லிட்டேன் ஆன்ட்டி."

"என்னன்னு?"

"எஃப்-னு. அவன் சிரிக்கறான். இன்னிக்கு ஒரு மார்க்குல தப்பிச்சாலும், இன்னும் சில வருஷத்துல சி வேணும்னு கேக்கப்போறாங்களாம். சி-ன்னா இன்னும் முப்பது மார்க்கு. அந்தச் சுவரு இந்த ஜென்மத்துல சி வாங்காது. இப்பவே வித்தா ஆளு இருக்குன்னு சொல்றான்."

"சில வருஷம் போதும்டா. அவனுக்கு அவ்ளோதான் வேணும். அதுகூட வேணாம், ரெண்டு வருஷம் குடு."

"ஆன்ட்டி…"

"வாடகைக்கு விடாத. சும்மா இருக்க விடு. சொந்தக்காரங்கன்னு சொல்லு. சட்டம் வாடகைக்குத்தான கேக்குது? நான் ஒன் வீட்டுல வந்து சமைக்கறேன். துணி தோய்க்கறேன். ஒன் புள்ளைங்கள பாத்துக்கறேன்."

அவன் பேருந்தின் படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அழுதானா என்று தெரியவில்லை. அழுதிருந்தாலும் அதற்காக நான் அவனை மெச்சப் போவதில்லை. எழுந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, "காலி பண்ணச் சொல்லி ஏஜென்ட்டே நோட்டீஸ் அனுப்பிட்டான். ஆறு மாசம் இருக்கு. நல்ல எடமா பாத்துக்குங்க ஆன்ட்டி" என்றான்.

திரும்பி வந்தோம். தன் வீட்டு வாசலில் நின்று, "இத்வல்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாது நீ. நெருப்பால போச்சுன்னு தெரிஞ்சா அவன் அன்னிக்கே செத்துடுவான்" என்றாள்.

"வீடு போச்சுன்னாவது சொல்லணும் எலினெட்."

"அதுவும் நான் பாத்துக்கறேன்."

ஜன்னல்கள் சரியில்லை என்று அந்தப் பெண் எழுதிவிட்டாளாம், ஹெவின் மாற்றப்போகிறானாம், அதுவரை கொஞ்ச நாள் வேறு இடத்தில் இருக்க வேண்டுமாம். இத்வலுக்குச் சொல்லப்பட்டது இதுதான். ஜன்னல் மேல் பழி போனதில் அவனுக்குக் கொஞ்சம் மகிழ்ச்சி கூட. "நான் அன்னிக்கே சொன்னேன், அந்தக் கட்டைங்க உளுத்துப்போச்சுன்னு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். அந்தப் பெண் நெருப்பின் முன்னால் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்பதையும் சொன்னான். கேட்டவர்களுக்கெல்லாம் உண்மை தெரியும். தெருவே தலையாட்டியது.

அந்த ஆறு மாதமும் எலினெட் ஊரில் காலி வீடு தேடினாள். கவுன்சில் அலுவலகத்தில் வரிசை நீளம் என்றார்கள். தெரிந்த ஒவ்வொரு கதவையும் தட்டினாள். சிறு வயதில் அவளிடம் இரண்டாம் முறை சோறு கேட்டவர்கள் எல்லோரும் அன்பாகப் பேசி, தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். வீடு யாரிடமும் இல்லை. ஒரு முறை எங்கள் சமையலறையில் மேசையில் தலை வைத்து, "மென்னா, ஒங்க பின்னறையில நாங்க ரெண்டு பேரும் படுத்துக்கலாமா?" என்று கேட்டாள். பின்னறைக்கு மாடிப்படி ஏற வேண்டும், அந்தக் குளிர் காலத்தில் அவனால் அது முடியாமல் போயிருந்தது. கேட்டவளுக்கே அது தெரியும். மென்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குளிர் முடியும் தறுவாயில் இத்வலுக்குச் சளி நெஞ்சில் இறங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நோட்டீஸ் முடியும்போது அவன் அங்கேதான் இருந்தான். கவுன்சில் கடலோரத்தில் ஓர் ஓட்டலின் தரைத்தள அறையைக் கொடுத்தது. எலினெட் அவனிடம் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். சாமான்களில் பாதியை நாங்கள் எங்கள் பரணில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவனை அந்த அறைக்கு அழைத்துப்போனாள்.

சென்ற மாதம் அவர்களைப் பார்க்கப் போனேன். அறை சூடாகத்தான் இருக்கிறது. அந்தச் சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ அவர்களால் முடியாது. குமிழ் ஓட்டல்காரர்கள் கையில். ஜன்னலுக்கு வெளியே குப்பைத் தொட்டிகளும் ஒரு சுவரும். பக்கத்து அறைகளில் இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்களாம். யாரும் வந்து உட்கார்ந்து பேசுவதில்லை. எலினெட் என் முகத்தைப் பார்க்காமல் தேநீர் போட எழுந்தாள். இத்வல் படுத்திருந்தான். இருமல் குறைந்திருந்தது. அவனும் குறைந்திருந்தான்.

"ஜன்னல் வேல எந்த அளவுல இருக்கு?" என்று என்னிடம் கேட்டான்.

அந்த வீடு விற்றாகிவிட்டது. வாங்கியவர்கள் இன்னும் ஒரு முறைகூட வந்து தங்கவில்லை. எலினெட்டின் முதுகு என் பக்கம் இருந்தது. கெட்டில் கொதித்து நின்ற பிறகும் அவள் அதைத் தொடவில்லை.

"நடக்குது" என்றேன்.

"பிளாஸ்டிக் சட்டம் போடாம பாத்துக்கோ. ஹெவின் மலிவா முடிக்கப் பாப்பான். மரந்தான் போடணும்னு சொல்லு."

"சொல்றேன்."

"தெனம் போய் ஒரு பார்வை பாரு. வேலக்காரங்க முன்னறையில சாமான அடுக்கிடப் போறாங்க."

அதற்கும் சரி என்றேன். எலினெட் தேநீரைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்து, ஆறுவதற்குள் குடிக்கச் சொன்னாள்.